பாடக் கூச்சப்படுபவருக்கு ஒரு செயலி: மதிப்பெண்ணா, கோடா, பதிவா, ஆசிரியரா?

ஐந்தாம் வகுப்பில் ஆண்டுவிழா இறைவணக்கப் பாட்டுக்காக எங்களை வரிசையில் நிறுத்தி ஒத்திகை பார்த்தார்கள். இரண்டாம் நாள் என்னைத் தனியே அழைத்து, "நீ வாயை மட்டும் அசை, குரல் வர வேண்டாம்" என்றார்கள். கடிந்து சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார்கள். அதன்பிறகு இருபத்தேழு ஆண்டுகள் நான் குளியலறையில்கூடப் பாடவில்லை. முப்பத்தேழாவது வயதில், மகளின் பாட்டு வகுப்புக்கு வெளியே செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். உள்ளே பிள்ளைகள் பாடிய, கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசையை என்னையறியாமல் உதட்டுக்குள் பாடிக்கொண்டிருந்ததை டீச்சர் பார்த்துவிட்டார். "அங்கே ஏன் சார், உள்ளே வந்து உட்காருங்கள்" என்றார்.

இப்போது அந்த டீச்சரும், ஒலித் தொழில்நுட்பம் தெரிந்த என் நண்பர் ஒருவரும், நிரல் எழுதும் நானும் சேர்ந்து ஒரு செயலியை உருவாக்கிவருகிறோம். சிறுவயதில் பாடக் கற்காமல், "எனக்கு வராது" என்று முடிவுகட்டிக்கொண்ட பெரியவர்களுக்கானது அது. வண்ணம், பெயர், விலை எல்லாவற்றையும் ஒரு வாரத்தில் பேசி முடித்துவிட்டோம். ஒரே ஒரு கேள்வியில் ஆறு மாதம் நின்றோம்: ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு, துணிந்து ஒரு வரி பாடுகிறார், பாடி முடித்த அந்த நொடியில் செயலி அவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

நான்கு வழிகள் எங்கள் முன் இருந்தன. நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் தரலாம். பாடும்போதே குரல் எங்கே போகிறது என்று திரையில் கோடாக வரையலாம். ஒன்றும் சொல்லாமல், பாடியதைப் பதிவு செய்து அவருக்கே போட்டுக் காட்டலாம். பதிவை ஓர் ஆசிரியருக்கு அனுப்பி அவர் சொல்வதைக் கேட்க வைக்கலாம். இதே முடிவெடுக்க வேண்டியிருக்கும் வேறு யாருக்காவது பயன்படட்டும் என்று, ஒவ்வொன்றிலும் நாங்கள் கண்டதை எழுதுகிறேன்.

முதலில், நாம் யாருக்காகச் செய்கிறோம் என்பதில் ஒரு தெளிவு வேண்டும். பிறவியிலேயே சுர வேறுபாட்டை உணர முடியாதவர்கள் உண்டு. கனடாவின் மொன்றியால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இசபெல் பெரெட்ஸ் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, அப்படிப்பட்டவர்கள் நூற்றுக்கு ஒன்றரைப் பேர் அளவில்தான் இருக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. "எனக்குச் சங்கீத ஞானமே கிடையாது" என்று சொல்பவர்களோ நம் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆக, பெரும்பாலோரின் குறை காதில் இல்லை. 2012-இல் ஷான் ஹச்சின்ஸும் பெரெட்ஸும் ஓர் அழகான சோதனை செய்தார்கள். கேட்ட சுரத்தைக் குரலால் பிடிக்கச் சொன்னார்கள். பிறகு அதே சுரத்தை, விரலால் நகர்த்தினால் சுரம் ஏறி இறங்கும் ஒரு கருவியில் பிடிக்கச் சொன்னார்கள். இசை கற்காதவர்கள் குரலில் தடுமாறினார்கள், விரலில் நன்றாகவே பிடித்தார்கள். காது சரியாகக் கேட்கிறது. கேட்டதைத் தொண்டை செய்து காட்டத்தான் பழகவில்லை. நடை பழகாத குழந்தையின் காலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்று தெரிந்தபோது, வாயை மட்டும் அசைத்த அந்தச் சிறுவனுக்காக எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மதிப்பெண்

பாட்டுச் செயலி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இதுதான். இதன் வேர், பதிவு செய்த வாத்திய இசையோடு சேர்ந்து யாரும் பாடும் கரோக்கியில் இருக்கிறது. 1971-இல் ஜப்பானின் கோபே நகரில் டைசுகே இனோவே என்ற இசைக்கலைஞர் கரோக்கி இயந்திரங்களைச் செய்து மதுக்கூடங்களுக்கு வாடகைக்கு விட்டார். அவருக்கு அந்த எண்ணம் வந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். சிறு நிறுவனம் ஒன்றின் முதலாளி அவரைத் தம்முடன் வெளியூருக்கு வரச் சொன்னார். இனோவே வாசித்தால்தான் தமக்குப் பாட வரும், தம் குரலுக்கு எது பொருந்தும் என்று இனோவேவுக்குத்தான் தெரியும் என்பது அந்த முதலாளியின் வாதம். போக முடியாத இனோவே அவருக்காகப் பக்கவாத்தியத்தை ஒலிநாடாவில் பதிவு செய்து கொடுத்தனுப்பினார். கரோக்கி பிறந்தபோது, பாடுபவரின் குரலுக்குத் தக்கபடி வாத்தியம் இறங்கி வந்தது. பாடுபவரை எடைபோடும் எண் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

மதிப்பெண்ணுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நாளைக்கு மறுபடி வரத் தூண்டும். நேற்று 61, இன்று 68 என்றால் மனம் குளிரத்தான் செய்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து விளையாட இதைவிட நல்ல வழி இல்லை. 2004-இல் சோனி வெளியிட்ட சிங்ஸ்டார் விளையாட்டு இந்த ஈர்ப்பை வைத்துத்தான் வீடு வீடாகப் போனது.

ஆனால் அந்த எண் எதை அளக்கிறது? சிங்ஸ்டார் போன்ற விளையாட்டுகளில் சொற்களைப் பாடாமல் வெறுமனே முனகினாலும் மதிப்பெண் விழும். மூச்சு, உச்சரிப்பு, உணர்ச்சி வெளிப்பாடு எதுவும் கணக்கில் வராது. இது இயந்திரத்தின் குறை என்று விட்டுவிடலாம். எனக்குக் கவலை தருவது வேறு. எங்கள் முதல் பதிப்பில் மதிப்பெண் வைத்திருந்தோம். உறவினர்களும் அக்கம்பக்கத்தாருமாகப் பதினோரு பேர் பயன்படுத்தினார்கள். 40-க்குக் கீழே முதல் எண் வந்தவர்களில் ஒருவர்கூட இரண்டாம் நாள் செயலியைத் திறக்கவில்லை. எண்ணைத் தாராளமாக்கினோம், யார் பாடினாலும் 70-க்குக் குறையாமல் வரும்படி செய்தோம். அது இன்னும் மோசம். எதிர்வீட்டுக்காரர் பாட்டின் நடுவில் இருமிவிட்டு, "இதற்கும் 72 கொடுக்கிறதே" என்று போனை வைத்துவிட்டார். தாம் பாடியது சரியில்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது. பொய்யாகப் பாராட்டும் ஒன்றை யாரும் நெடுநாள் நம்ப மாட்டார்கள். மதிப்பெண்ணை எடுத்துவிட்டோம். கூச்சமே இல்லாதவருக்கு அது விளையாட்டு. கூச்சப்படுகிறவருக்கு அது பள்ளிக்கூடத் தேர்வுத்தாள்.

கோடு

இந்த வழியில்தான் நாங்கள் அதிக காலம் செலவிட்டோம். இதன் கவர்ச்சி அப்படி.

குரலின் அதிர்வெண்ணை நொடிக்குப் பல முறை கணித்து, திரையில் ஓடும் கோடாக வரைவது இன்று கடினமான வேலை இல்லை. 2002-இல் அலன் தெ ஷெவெய்ஞே, ஹிதேகி கவஹாரா இருவரும் வெளியிட்ட 'யின்' என்ற கணிப்பு முறை இன்னும் சாதாரண போனிலேயே நன்றாக ஓடுகிறது. ஒரு ஸ்தாயியை, அதாவது ஒரு 'ச'விலிருந்து அடுத்த மேல் 'ச' வரையுள்ள தூரத்தை, 1200 பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் ஒரு சென்ட் என்பார்கள். பியானோவில் கறுப்பு, வெள்ளை இரண்டையும் சேர்த்து எண்ணினால், அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட். நம் குரல் சுரத்துக்கு எத்தனை சென்ட் மேலே, எத்தனை சென்ட் கீழே என்று கோடு காட்டிவிடும்.

இங்கே நம் இசைக்கென்று சில சிக்கல்கள் உண்டு. மேலைநாட்டு முறையில் செய்த செயலிகளைச் சரளி வரிசைக்குப் பயன்படுத்திப் பார்த்தவர்களுக்குப் புரியும். தொடக்கப் பாடங்கள் எல்லாம் மாயாமாளவகௌளை என்ற ராகத்தில் இருக்கின்றன. புரந்தரதாசர் வகுத்துத் தந்த வழி என்பது மரபு. அந்த ராகத்தின் 'க' சுரமான அந்தர காந்தாரத்தைத் தம்புராவோடு இழைத்துப் பாடினால் அது 'ச' என்னும் ஷட்ஜத்திலிருந்து ஏறக்குறைய 386 சென்ட் தூரத்தில் உட்காரும். பியானோவின் கணக்கு 400. பதினான்கு சென்ட் வித்தியாசம். பியானோக் கணக்கில் எழுதிய செயலி, தம்புராவோடு அழகாகச் சேர்ந்த காந்தாரத்தைப் பார்த்து "கொஞ்சம் இறங்கிவிட்டது" என்று சிவப்பு காட்டும். டீச்சர் இதைக் கண்டதும் போனைத் தள்ளி வைத்துவிட்டார். "நான் மூன்று மாதம் உட்கார வைத்துச் சேர்த்த காந்தாரத்தை இது மூன்று நிமிடத்தில் கெடுத்துவிடும்" என்றார். கணக்கைத் தம்புராவுக்கு மாற்றி எழுதினோம்.

அடுத்தது சுருதி, அதாவது பாடுபவர் ஷட்ஜமாக வைத்துக்கொள்ளும் ஆதார ஒலி. மேலை இசையில் பாட்டுக்கு ஒரு சுருதி. நமக்கு ஆளுக்கு ஒரு சுருதி. அதன் உயரத்தைக் 'கட்டை' என்ற கணக்கில் சொல்வோம். ஆண்களுக்குப் பொதுவாக ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டை வரை, பெண்களுக்கு நாலரையிலிருந்து ஆறு வரை என்று ஒரு பேச்சு வழக்கு இருந்தாலும், வயதும் உடம்பும் அதை மாற்றிவிடும். கற்கத் தொடங்கும் பெரியவர்கள் பலர் "குரல் வரவில்லை" என்று நினைப்பது, சுருதி பொருந்தாமல் மேல் ஷட்ஜத்துக்குக் கழுத்தை நீட்டுவதால்தான். வகுப்பில் டீச்சர் கீழே பஞ்சமம் (ப) வரை இறங்குகிறதா, மேலே எதுவரை வலிக்காமல் போகிறது என்று பாட வைத்துப் பார்த்துக் கட்டை வைக்கிறார். செயலியும் முதல் நாள் அதைத்தான் செய்ய வேண்டும். ஆண், பெண் என்று கேட்டு ஒரு கட்டையை ஒட்டிவிடுவது சோம்பேறித்தனம்.

உறையூரில் என் சித்தி இருக்கிறார். தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தொன்று. அவர்தான் எங்களுக்குப் பொறுமையான சோதனையாளர். செயலி அப்போது பெண்களுக்கு ஐந்தரைக் கட்டை என்று தானாக வைத்தது. சித்திக்கு நாலு கட்டைதான் சுகம் என்று இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். நாலு கட்டை வைத்ததும், சமையலறை மேடையில் போனைச் சாய்த்து நிறுத்தி, ஷட்ஜத்தைப் பிடித்தார். சுரம் சேரும் இடத்தைக் காட்டும் பச்சைப் பட்டைக்குக் கொஞ்சம் கீழே கோடு ஓடியது. அவர் கண் கோட்டிலேயே இருந்தது. குரலைத் தூக்கினார், கோடு பட்டையைத் தாண்டி மேலே போனது. இறக்கினார், கீழே விழுந்தது. வண்டிச் சக்கரத்தை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே போகிறவர் போல நெற்றி சுருங்கியது, தோள் ஏறியது, மூச்சு தீர்ந்தது. பின்னால் தம்புரா ஒலித்துக்கொண்டிருந்ததை அவர் கேட்கவே இல்லை.

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். "சித்தி, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தம்புராவை மட்டும் கேளுங்கள். அது நிற்கிற இடத்தில் போய் நில்லுங்கள்" என்றேன். முதல் முறை குரல் கீழிருந்து தேடிக்கொண்டு வந்தது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை. நான்காம் முறை குரல் ஏறி வந்து, தம்புராவுக்குள் புகுந்து, இரண்டும் ஒன்றாகி ஒரு நொடி அறையே ரீங்கரித்தது. சித்தி சட்டென்று கண்ணைத் திறந்தார்.

"சேர்ந்துவிட்டதாடா?"

"நீங்கள் சொல்லுங்கள்."

"சேர்ந்துவிட்டது" என்றார். குரலில் சந்தேகம் இல்லை. போனை நிமிர்த்திப் பார்த்தோம். கோடு பட்டையின் நடுவில் நேராக ஓடி முடிந்திருந்தது. முதலில் காது சொன்னது, பிறகு திரை ஆமோதித்தது. எங்கள் ஆறு மாதக் கேள்விக்கு விடை அந்த மேடையில் கிடைத்தது என்று இப்போது தோன்றுகிறது.

இதற்கு ஆய்வுலகிலும் ஆதாரம் உண்டு. 1984-இல் சால்மொனி, ஷ்மிட், வால்ட்டர் ஆகிய மூவர், உடலால் செய்யும் திறன்களை மனிதர் எப்படிக் கற்கிறார்கள் என்ற ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் சரி, தவறு என்று உடனுக்குடன் சொல்லிக்கொண்டே இருந்தால் பயிற்சியின்போது நன்றாக வரும். சொல்வதை நிறுத்தியதும் சரிந்துவிடும் என்பது அவர்கள் கண்டதின் சாரம். கற்பவர் அந்தத் துணையைக் கைத்தடியாகப் பிடித்துக்கொள்கிறார். பாட்டில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும், ஏனென்றால் நாளைக்கு அவர் பாடப்போகிற கொலுவிலோ கல்யாண வீட்டிலோ திரை இருக்காது.

கோட்டை அடியோடு ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு சுரம் ஏன் சேரவில்லை என்று குழம்பி நிற்கும்போது, மேலே இருக்கிறாயா கீழே இருக்கிறாயா என்று கோடு சொல்வதைப் போல வேறு எதுவும் தெளிவாகச் சொல்லாது. எல்லோருக்கும் பக்கத்தில் டீச்சர் உட்கார்ந்திருக்க மாட்டார். கோடு வேண்டும், கேட்டால் மட்டும், பாடி முடித்த பிறகு மட்டும். பச்சைப் பட்டையின் அகலத்தையும் தொடக்கத்தில் இருபுறமும் 50 சென்ட் என்று தாராளமாக வைத்து, வாரங்கள் போகப் போக 25-க்குக் கொண்டுவரலாம் என்று வைத்திருக்கிறோம்.

பதிவு

பாடியதைத் திரும்பக் கேட்பது மிகப் பழைய வழி, செலவில்லாத வழி, எல்லோரும் வெறுக்கும் வழி. நம் குரலை நாம் பேசும்போது காற்று வழியாகவும் மண்டை எலும்பு வழியாகவும் கேட்கிறோம். எலும்பு கீழ் அதிர்வுகளைக் கூட்டித் தருவதால் நமக்குள் நம் குரல் கனமாக ஒலிக்கிறது. பதிவில் அந்தக் கனம் போய்விடுகிறது. "இதுவா என் குரல்?" என்று முகம் சுளிப்பது இயல்பு. செயலி இதை முதல் பதிவைப் போட்டுக் காட்டும் முன்பே இரண்டு வரியில் சொல்லிவிட வேண்டும். சொன்னோம், அதற்குப் பின் யாரும் முதல் பதிவோடு விலகவில்லை.

வெறும் பதிவின் குறை, கேட்பவருக்கு எதைக் கேட்பது என்று தெரியாததுதான். "நன்றாக இல்லை" என்று ஒட்டுமொத்தமாகச் சொல்லிவிட்டு மூடிவிடுவார். அதனால் பதிவுக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியை வைத்தோம். 'கடைசி ஷட்ஜம் தம்புராவோடு சேர்ந்ததா?' அல்லது 'ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்குப் போகும்போது நடுவில் எங்காவது நின்றீர்களா?' பயனர் கேட்டு, 'சேர்ந்தது', 'சேரவில்லை', 'தெரியவில்லை' என்ற மூன்றில் ஒன்றைத் தொடுகிறார். பிறகுதான் கோடு வருகிறது. அவர் சொன்னதும் கோடு காட்டுவதும் ஒத்துப்போனால் செயலி அதைத்தான் சொல்கிறது: 'உங்கள் காது சரியாகக் கேட்டிருக்கிறது.' சுரம் சேரவில்லை என்றாலும், சேரவில்லை என்று அவர் சரியாகக் கண்டுபிடித்திருந்தால் அதே வரிதான். சுருதி தவறிய நாளிலும் உண்மையான ஒரு பாராட்டைக் கொடுக்க எங்களுக்குக் கிடைத்த ஒரே இடம் இது. இதை யோசித்துச் சொன்னவர் டீச்சர்.

பதிவில் இன்னொரு பொக்கிஷமும் இருக்கிறது. மேலே சொன்ன 2012 ஆய்வில், மற்ற ஒலிகளைவிடத் தங்கள் சொந்தக் குரலின் பதிவைக் கேட்டு அதே சுரத்தைப் பிடிப்பது பலருக்கு எளிதாக இருந்தது. அன்றாட அனுபவத்திலும் இது தெரியும்: பெண் குரலைக் கேட்டு ஆண் பாடும்போது எந்த ஸ்தாயி என்ற குழப்பமே பாதி வேலையைத் தின்றுவிடுகிறது. எனவே நன்றாகச் சேர்ந்த ஷட்ஜம், பஞ்சமம் ஆகியவற்றைச் செயலி எடுத்து வைத்துக்கொண்டு, மறுநாள் முன்மாதிரியாக அவருடைய குரலையே போட்டுக் காட்டுகிறது. "நேற்று நானா இப்படிப் பாடினேன்?" என்று ஒருவர் மூன்று முறை திருப்பிக் கேட்டதை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

ஆசிரியர்

டீச்சர் காதுக்கு நிகரான கருவி கிடையாது. இதில் எங்கள் மூவருக்கும் இரண்டாம் கருத்து இல்லை. மூச்சு எங்கே போகிறது, தாடை ஏன் இறுகுகிறது, பயத்தால் குரல் மெலிகிறதா அல்லது தொண்டை கட்டியிருக்கிறதா என்பதெல்லாம் மனிதருக்குத்தான் கேட்கும். எத்தனையோ வீடுகளில் இப்போதே பாட்டு டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பித் திருத்தம் கேட்கும் பழக்கம் இருக்கிறது.

காணொளி வகுப்பு மாற்றாகாதா என்று பலர் கேட்கிறார்கள். இணையத்தின் தாமதத்தால் இருவரும் சேர்ந்து பாட முடியாது. டீச்சரின் குரலோடு குரல் கலந்து பாடிக்கொண்டே பிடித்துக்கொள்வது நம் கற்பிக்கும் முறையின் உயிர். அது அங்கே அறுந்துவிடுகிறது. பதிவு அனுப்பித் திருத்தம் பெறுவது அதைவிட நேர்மையான வழி.

சிக்கல் செலவிலும் கூச்சத்திலும் இருக்கிறது. நாள்தோறும் பத்துப் பதிவுகளைக் கேட்டுப் பதில் சொல்லும் ஆசிரியருக்கு உரிய ஊதியம் தர வேண்டும். அதைச் சந்தாவில் ஏற்றினால் சித்தி போன்றவர்கள் சேர மாட்டார்கள். அதைவிட, தொடக்கக்காரர் தம் குரலை இன்னொருவர் கேட்பார் என்று தெரிந்தாலே பாட மாட்டார். முதல் ஆறு வாரம் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற உறுதியோடு பாட விட்டு, அதன்பின் விரும்பினால் வாரம் ஒரு பதிவு டீச்சருக்கு அனுப்பலாம் என்று வைத்திருக்கிறோம்.

எதைப் பாட வைப்பது

இதிலும் எங்களுக்குள் சண்டை நடந்தது. நண்பர் திரைப்பாடல் என்றார். மக்கள் பாட ஆசைப்படுவது அதைத்தான், உண்மைதான். ஆனால் புகழ்பெற்ற திரைப்பாடல்கள் பல, பயிற்சி பெற்ற குரலுக்காக ஒன்றரை ஸ்தாயிக்கும் மேல் விரித்து அமைக்கப்பட்டவை. சரணத்தில் உச்சிக்குப் போகும் இடத்தில் தொடக்கக்காரரின் குரல் உடைகிறது; உடைந்தது பாட்டின் கடினத்தால் என்று அவருக்குத் தெரியாது, தம் குறை என்று எடுத்துக்கொள்கிறார். மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனியே உரிமம் வாங்க வேண்டிய செலவு வேறு.

டீச்சர் சரளி வரிசை என்றார். சுரம் சுரமாக ஏறி இறங்கும், எட்டு அட்சர ஆதி தாளத்தில் அமைந்திருக்கும், மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், பாடலாம். குரலைப் பழக்க இதற்கு இணை இல்லை. ஆனால் அறுபது வயதில் பாட ஆசைப்பட்டு வருபவருக்கு முதல் மாதம் முழுக்க ச ரி க ம மட்டும் என்றால் மனம் சோர்ந்துவிடுகிறது.

நான் தாலாட்டு என்றேன். ஐந்தாறு சுரங்களுக்குள் சுற்றிவரும், மெட்டு எல்லோர் காதிலும் ஏற்கெனவே இருக்கும், மெதுவாகப் பாட வேண்டியது, யாருடைய உரிமத்துக்கும் காத்திருக்க வேண்டாம். தாலாட்டுப் பாடும்போது யாரும் தம்மைப் பாடகராக நினைப்பதில்லை. குழந்தைதான் மனதில் இருக்கும். கூச்சம் அங்கே தானாகவே விலகிக்கொள்கிறது. முதல் வாரம் தம்புராவோடு ஷட்ஜமும் ஒரு தாலாட்டும், இரண்டாம் வாரத்திலிருந்து அவற்றோடு சரளி வரிசை என்று முடிவானது. திரைப்பாடல் இப்போதைக்கு இல்லை.

போனும் அறையும்

வடிவமைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இவற்றைக் கவனிக்காவிட்டால் எல்லாம் வீண். போனின் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. இரைச்சலை நீக்கும் வசதி, மாறாமல் நீடிக்கும் ஒலியை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். மாறாமல் நீடிக்கும் ஒலியைத்தானே நாம் சாதகம் என்கிறோம்! எங்கள் முதல் பதிப்பில், நன்றாக நிறுத்திப் பாடிய ஷட்ஜம் சில நொடிகளில் பதிவில் தேய்ந்து மறைந்தது. அந்தத் தேய்வைத் தம் மூச்சுக் குறை என்று நினைத்து ஒருவர் வருந்தினார். இரைச்சல் நீக்கம், எதிரொலி நீக்கம், ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி மூன்றையும் அணைத்துவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும்.

புளூடூத் இயர்போனில் ஒலி தாமதமாக வரும். அதன் மைக்கையும் பயன்படுத்தினால் ஒலித்தரம் தொலைபேசி உரையாடல் அளவுக்கு இறங்கிவிடும். கம்பி வைத்த சாதாரண இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டி, மறுகாதைத் தம் குரலுக்கு விட்டுவிடுவது நல்லது என்று செயலி முதலிலேயே படம் போட்டுக் காட்டுகிறது. போன் ஒலிபெருக்கியில் தம்புராவின் மந்தர ஷட்ஜம் சரியாகக் கேட்காது என்பதும் இதற்கு ஒரு காரணம். குக்கர் விசில் மட்டும் இன்னும் எங்களுக்கு அடங்கவில்லை. அது வந்தால் அந்தப் பதிவைச் செயலி கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது.

பதிவு யாருடையது

அவரவர் விரும்பி டீச்சருக்கு அனுப்புவது தவிர எல்லாப் பதிவுகளும் அவரவர் போனிலேயே இருக்கும், கணிப்பும் அங்கேயே நடக்கும் என்று முடிவு செய்தோம். எங்கள் கணினிக்கு அனுப்பினால் கணிப்பை மேம்படுத்தலாம் என்பது தெரிந்தும் இதைச் செய்தோம். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் பெற்றே இவற்றை எடுக்க வேண்டும் என்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் என்றால் பெற்றோரின் ஒப்புதலையும் சரிபார்க்க வேண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் இதே முடிவைத்தான் எடுத்திருப்போம். யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தால்தான் அவர் இத்தனை ஆண்டுகள் பாடாமல் இருந்தார். பகிரும் பொத்தானைக்கூட முதல் பக்கத்தில் வைக்கவில்லை. தேடிப் போனால் கிடைக்கும்.

இப்போது கையில் இருக்கும் பதிப்பு இப்படி நடக்கிறது: கட்டை கண்டுபிடித்தல், திரை இருண்டு தம்புரா மட்டும் ஒலித்தல், பாடுதல், ஒரு கேள்வி, பதிவைக் கேட்டுப் பதில், வேண்டுமானால் கோடு. ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம்.

சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தில் மட்டும் எங்களுக்கு இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டேதான் அது காந்தாரமாகிறது. பட்டை போட்டு அளக்கும் கோட்டில் அது முழுக்கத் தவறாகவே தெரியும். அசைவையும் கற்றுக்கொள்ளும்படி கணிப்பை விரிக்கலாம் என்கிறார் நண்பர். சரளி வரிசைக்குப் பின் வரும் பாடங்களான ஜண்டை வரிசையும் அலங்காரமும் முடிந்ததும் கோட்டையே எடுத்துவிட்டு, டீச்சர் குரலும் பயனர் குரலும் அடுத்தடுத்து ஒலிக்கும்படி மட்டும் வைக்கலாம் என்கிறார் டீச்சர். நான் டீச்சர் பக்கம். சித்தி இப்போது ஜண்டை வரிசையில் மூன்றாவதில் இருக்கிறார். அவர் அலங்காரத்தைத் தொடுவதற்குள் இதை முடிவு செய்தாக வேண்டும்.